விண்வெளி சீரியலுக்கு செட் போடறது: அடிக்கடி வர்ற கேள்விகளும் என்னோட பதில்களும்

நான் ஆர்ட் டிபார்ட்மென்ட்ல டிராயிங் போடற ஆள். சயின்ஸ் ஃபிக்ஷன் சீரியல் பத்திப் பேச்சு வந்தாலே அந்தக் கப்பல் உள்பக்கம் எப்படிக் கட்டினாங்க, அந்த ஸ்க்ரீன் எல்லாம் நிஜமா ஓடுமான்னு கேட்கறவங்க நிறைய பேர், அவங்களுக்குத் தனித்தனியா சொல்லிட்டு இருந்ததை எல்லாம் இங்க ஒரே இடத்துல எழுதி வெக்கறேன்.

செட் டிசைன், ப்ரொடக்ஷன் டிசைன், கான்செப்ட் ஆர்ட், எல்லாம் ஒரே வேலைதானே?

இல்லங்க. ப்ரொடக்ஷன் டிசைனர்தான் அந்த உலகம் மொத்தமும் எப்படி இருக்கணும்னு முடிவு பண்றவர், டைரக்டர் கேமராமேன் இவங்களோட உட்கார்ந்து கலர் என்ன, வெளிச்சம் எங்கிருந்து வருது, இந்த ஜனங்க எப்படிப்பட்டவங்கன்னு பேசிப் பேசித் தீர்மானிப்பார். அதை ஆளு, நாள், பணம்னு பிரிச்சு நடத்திக் காட்டறது ஆர்ட் டைரக்டர். செட் டிசைனர் அளவு போட்டு டிராயிங் கொடுப்பார், ஆசாரி கைக்குப் போறது அதுதான். கான்செப்ட் ஆர்டிஸ்ட் வரையற படத்தைப் பார்த்துத்தான் பணம் போடறவங்களுக்கு முதல் தடவையா கதை கண்ணுக்குத் தெரியும்.

இதுல ரெண்டு பேரை எல்லாரும் மறந்துடறாங்க. ஒருத்தர் செட் டெக்கரேட்டர், நாற்காலி, போர்வை, குடிக்கற கப், ஷெல்ஃப்ல இருக்கற சாமான் எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருத்தர் கிராஃபிக் டிசைனர், கதவு மேல இருக்கற நம்பர், எச்சரிக்கை ஸ்டிக்கர், ஸ்க்ரீன்ல ஓடற எழுத்து எல்லாம் அவரோடது. செட் எவ்வளவு பெருசா இருந்தாலும் இவங்க கை படாத வரைக்கும் அது வெறும் பெயின்ட் அடிச்ச ப்ளைவுட்தான்.

கதை கைக்கு வந்ததும் முதல்ல என்ன பண்ணுவாங்க?

எண்ணுவாங்க. எந்த இடத்துல எத்தனை சீன், எத்தனை எபிசோட்ல அந்த இடம் திரும்ப வருதுன்னு ஒரு கணக்கு. சீசன் முழுக்க வர்ற இடத்தை, அதாவது கன்ட்ரோல் ரூம், காரிடார், மருத்துவ அறை மாதிரி, பிரிக்காம நிரந்தரமா நிறுத்திடுவாங்க, அதுக்குப் பேரு ஸ்டாண்டிங் செட். ஒரு வாரம் வந்துட்டுப் போறது ஸ்விங் செட். பணத்துல பெரும்பங்கு நிரந்தர செட்டுக்குத்தான் போகும், ஏன்னா அது நூறு தடவை கேமரா முன்னாடி நிக்கப்போகுது.

இந்தக் கணக்கு கதையையே மாத்தும். 1966ல ஸ்டார் ட்ரெக் ஆரம்பிச்சப்போ ஒவ்வொரு வாரமும் அவ்வளவு பெரிய கப்பல் ஒரு கிரகத்துல இறங்கற மாதிரி காட்ட பட்ஜெட் இடம் கொடுக்கல, அதனாலதான் மனுஷங்க மினுமினுன்னு கரைஞ்சு கீழ போய் நிக்கற டிரான்ஸ்போர்ட்டர்ங்கற யோசனையே வந்துச்சு. இன்னைக்கு அது இல்லாம அந்த சீரியலை யாராவது நெனச்சுப் பார்க்க முடியுமா? அதே மாதிரி சீசன் நடுவுல ஒரு எபிசோட் முழுக்கக் கப்பலுக்குள்ளயே நடக்குதுன்னா, பல நேரம் புது செட்டுக்குக் காசு இல்லாம இருக்கற செட்லயே எழுதினதா இருக்கும், பாட்டில் எபிசோட்னு சொல்வாங்க. அதுல பல எபிசோட் ரொம்ப நல்லா வந்திருக்கு, ஆளுங்க அடைஞ்சு கிடந்தா மனசு வெளிய வரும்ல.

ஏன் எல்லாக் கப்பல்லயும் காரிடார் வளைஞ்சே இருக்கு?

நேர் காரிடார் கட்டினா கடைசி செவுரு தெரியும், அதுக்கு அப்புறம் என்னன்னு காட்டணும். வளைஞ்சு போனா கண்ணு தானா மீதியைக் கட்டிக்கும். அதே துண்டுல ரெண்டு பேர் இந்தப் பக்கத்துல இருந்து நடந்து, கட் பண்ணி, போர்டை மாத்தி, அந்தப் பக்கத்துல இருந்து நடந்தா ரெண்டு தளம் ஆயிடுச்சு. 1987ல ஸ்டார் ட்ரெக்கோட அடுத்த சீரியலான நெக்ஸ்ட் ஜெனரேஷன் வந்தப்போ 1979 ஸ்டார் ட்ரெக் படத்துக்காகக் கட்டின காரிடாரையே புதுசாக்கிப் பயன்படுத்தினாங்க.

இடம் பத்தாதப்போ இன்னொரு வழி, தூரம் போகப் போக அளவைச் சின்னதாக்கிக்கிட்டே போறது. பழைய ஸ்டார் ட்ரெக் எஞ்சின் ரூம்ல கம்பித் தடுப்புக்குப் பின்னாடி நீளமாப் போற குழாய் எல்லாம் இப்படித்தான், உண்மையில அவ்வளவு ஆழமே கிடையாது. ஆனா நடிகர் அந்தப் பக்கம் நடந்து போயிடக் கூடாது, போனா குழாயை விட ஆள் பெருசாத் தெரிஞ்சு குட்டு வெளிப்பட்டுடும்.

ஒரு கப்பலை டிசைன் பண்ணும்போது முதல்ல முடிவு பண்ண வேண்டியது எது?

என்கிட்ட கேட்டா ஒரே கேள்விதான், இங்க ஏதாவது கெட்டுப்போனா யார் சரி பண்ணுவா, எப்படிப் பண்ணுவா. இதை நான் எல்லா இடத்துலயும் சொல்லிக்கிட்டே இருக்கேன், ஏன்னா இதுக்குப் பதில் இருந்தா மீதி எல்லாம் தானா வந்துடும், கதவு எவ்வளவு அகலம், பேனல்ல ஸ்க்ரூ எங்க, ஏணி எந்தப் பக்கம், கைப்பிடி எந்த உயரம்.

ஸ்டார் ட்ரெக்ல வர்ற எண்டர்ப்ரைஸ் கப்பலை வரைஞ்ச மேட் ஜெஃப்ரீஸ் விமானம் ஓட்டத் தெரிஞ்சவர். கப்பலோட வெளிப்பக்கத்தை அவர் வழவழன்னு விட்டுட்டார். காரணம் என்னன்னா, கெட்டுப்போகக் கூடிய எதையும் வெளிய வெக்கக் கூடாது, உள்ள இருந்தாத்தானே ஆள் போய் ரிப்பேர் பண்ண முடியும்ங்கறதுதான். கப்பலுக்குள்ள பழுது பார்க்க ஊர்ந்து போற குழாய் வழிக்கு ஜெஃப்ரீஸ் ட்யூப்னு அவர் பேரையே வெச்சுட்டாங்க, எனக்கு அதை விடப் பெரிய விருது எதுவும் தோணல.

அடுத்தது எடை. மேல எது கீழ எதுன்னு யோசிக்கணும். தி எக்ஸ்பேன்ஸ் சீரியல்ல செயற்கை ஈர்ப்பு விசைங்கற மந்திரம் கிடையாது, எஞ்சின் தள்ளற தள்ளுதான் எடை. அதனால கப்பல் நீளவாட்டுல விமானம் மாதிரி தளம் போடாம, எஞ்சின் அடியில இருக்க, அதுக்கு மேல மாடி மாடியா அடுக்கின கட்டடம் மாதிரி வெச்சாங்க. ஒரு அறையில இருந்து இன்னொரு அறைக்குப் போக ஏணி ஏறணும். அந்த ஒரு முடிவால நடிகர் உடம்பு அசையற விதமே மாறிடுச்சு, இயற்பியல் சரியா இருக்குன்னு யாரும் வசனம் பேச வேண்டியதே இல்ல.

மூணாவது பயம். அந்த ஜனங்க எதுக்குப் பயப்படறாங்க? 2000களில் வந்த பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுல எதிரி இயந்திரங்க, நெட்வொர்க்ல சேர்த்த கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் புகுந்துடும். அதனால போர்க்கப்பல்ல வயர் வெச்ச டெலிஃபோன், பேப்பர்ல ரிப்போர்ட், மேஜை மேல வரைபடம். பேப்பரோட நாலு மூலையையும் வெட்டி எட்டு மூலையா ஆக்கியிருப்பாங்க, அந்தப் பேப்பரை ஒவ்வொண்ணா வெட்ட வேண்டிய ப்ராப் ஆளுங்களை நெனச்சா கை வலிக்குது, ஆனா இது நம்ம உலகம் இல்லன்னு சொல்ல அந்த நாலு வெட்டு போதும்.

அந்த ஸ்க்ரீன் எல்லாம் நிஜமா ஓடுதா?

இப்போ பெரும்பாலும் ஓடுது. முன்னாடி இல்ல. ட்யூப் மானிட்டர் காலத்துல ஒரு தலைவலி இருந்துச்சு, ஃபிலிம் கேமரா நொடிக்கு 24 ஃப்ரேம் எடுக்கும், அமெரிக்க டிவி நொடிக்குக் கிட்டத்தட்ட 30 ஃப்ரேம் காட்டும், ரெண்டும் ஒத்து வராம திரையில கறுப்புப் பட்டை ஒண்ணு உருண்டுகிட்டே இருக்கும். அதை 24க்கு மாத்தின தனி மானிட்டர் வேணும், அது செலவு.

நெக்ஸ்ட் ஜெனரேஷன்ல ஸ்க்ரீன், பேனல் எல்லாம் டிசைன் பண்ணின மைக்கேல் ஒகூடா இதைச் சமாளிச்ச விதம் எனக்குப் பாடம் மாதிரி. பட்டன் வெச்சா ஒவ்வொண்ணுக்கும் வயர், பல்பு, ஆளு. அதனால வழவழப்பான அக்ரிலிக் ஷீட், அதுக்குப் பின்னாடி பிரிண்ட் பண்ணின ஃபிலிம், அதுக்குப் பின்னாடி லைட், அவ்வளவுதான். ஆரஞ்சு, ஊதா, வட்ட மூலை வெச்ச பட்டை, நடிகர் விரலால தொட்டா போதும். செலவைக் குறைக்கப் பண்ணினது, ஆனா தொடுதிரை எல்லார் கைக்கும் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே அது எதிர்காலம் மாதிரி இருந்துச்சு, இன்னைக்கும் ஃபோன்ல அந்த டிசைனைத் தீமா வெச்சுக்கற ரசிகருங்க இருக்காங்க. எஞ்சின் ரூம்ல கப்பலை நெடுக்கா வெட்டிக் காட்டற பெரிய படம் ஒண்ணு உண்டு, அதுல ஒரு வாத்து, ஒரு எலி எல்லாம் ஒளிச்சு வெச்சிருப்பாங்க.

இப்போ நிஜ ஸ்க்ரீன்தான், பின்னாடி ஒருத்தர் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து நடிகர் தொடற நேரத்துக்கு இமேஜை மாத்துவார். இதுல ஒரு விஷயம் கண்டிப்பாச் சொல்லணும், ஸ்க்ரீன்ல சும்மா நம்பரை ஓட விடாதீங்க. ஒவ்வொரு ஸ்க்ரீனும் ஒரு வேலை செய்யட்டும், இது ஆக்சிஜன், இது கதவு, இது எஞ்சின் சூடுன்னு. நடிகருக்கு எங்க பார்க்கணும்னு தெரிஞ்சா கண்ணு உண்மை பேசும்.

புதுசாக் கட்டின செட் ஏன் புதுசாத் தெரியக் கூடாது?

யாரும் வாழாத வீடு மாதிரி இருக்கும், அதான். ஆசாரி வேலை முடிஞ்சு, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடிச்சு பளபளன்னு நிக்கும்போது பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. அப்புறம் சீனிக் பெயின்டர் வருவாங்க. கறுப்பும் காப்பி நிறமும் கலந்த தண்ணிப் பெயின்ட்டை மேல ஊத்தி, துணியால துடைச்சு எடுத்தா ஓரத்துலயும் இடுக்குலயும் அழுக்கு தங்கிக்கும். கதவு பக்கத்துல கை படற இடம் மட்டும் பெயின்ட் தேஞ்சு அடியில இருக்கற உலோகம் தெரியணும், அது உலோகமே இல்ல, வெள்ளிப் பெயின்ட்தான், ஆனா தெரியணும். ஏணியில கால் வெக்கற நடுப்பகுதி தேயும், ஓரம் தேயாது. தண்ணிக் குழாய் ஜாயின்ட்டுக்குக் கீழ கறை ஒழுகியிருக்கும், மேல ஒழுகாது.

புதுசா வர்ற பசங்க எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அழுக்கு பூசிடுவாங்க, நான் எப்பவும் சொல்றது, ஒரு நாள் முழுக்க அந்த அறையில வேலை பார்க்கற ஆளா உங்களை நெனச்சுக்கிட்டு நடங்க, எங்க சாய்வீங்க, எதைத் தொடுவீங்க, எங்க இடிச்சுக்குவீங்க, அங்க மட்டும் பூசுங்கன்னு. நான் ஒரு தடவை சரக்குக் கப்பல் செட் ஒண்ணுல பங்க் படுக்கைக்கு மேல தலை இடிக்கற இடத்துல பழைய துணியைச் சுத்தி டேப் ஒட்டி வெச்சேன், டிராயிங்ல அது கிடையாது. நடிகர் வந்து பார்த்தார், ஒண்ணும் சொல்லல, ஷாட்ல எழுந்திருக்கும்போது அதைக் கையால ஒரு தட்டு தட்டிட்டு எழுந்தார். அன்னைக்கு வந்த சந்தோஷம் இன்னும் இருக்கு.

எல்லாமே அழுக்கா இருக்கணும்னு இல்ல, அதையும் சொல்லிடறேன். 2022ல வந்த செவரன்ஸ் சீரியல்ல பெரிய அறை, பச்சைக் கார்ப்பெட், நடுவுல நாலே மேஜை, வெளிய வெள்ளைக் காரிடார். அங்க ஒரு கீறல் கூட இல்லாததுதான் பயம். அங்க வேலை செய்யறவங்களோட எந்த அடையாளமும் தங்கக் கூடாதுன்னு அந்தக் கம்பெனி நெனக்குது, செட் அதைச் சொல்லுது.

எதுல செய்யறாங்க? எல்லாம் தெர்மாகோலா?

மரச் சட்டம், ப்ளைவுட், மரநாரை அமுக்கிச் செஞ்ச எம்டிஎஃப் பலகை, இதுதான் எலும்பு. வளைவுக்கு ஃபைபர், பாறைக்குத் தெர்மாகோல் செதுக்கி மேல கெட்டியான பூச்சு. ஒரே பேனல் நாப்பது தடவை வேணும்னா ஒரு மோல்டு பண்ணி, சூடு பண்ணின பிளாஸ்டிக் ஷீட்டை அது மேல காத்தை உறிஞ்சி அமுக்கி எடுப்பாங்க, வேக்யூம் ஃபார்மிங். 1975ல வந்த ஸ்பேஸ் 1999 சீரியல்ல கீத் வில்சன் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கற செவுருப் பேனலா டிசைன் பண்ணினார், பிரிச்சு வேற மாதிரி மாட்டினா அடுத்த அறை ரெடி. இப்போ கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டற சிஎன்சி மெஷினும் 3டி பிரிண்டரும் வந்து கையால நாள் கணக்கா வெட்டினதை ராத்திரியோட ராத்திரியா வெட்டிக் கொடுக்குது.

கடையில கிடைக்கறதை வாங்கி மாத்தறதும் பாதி வேலை. ஸ்டார் ட்ரெக்ல ஒரு எபிசோடுக்கு உப்பு தூவற டப்பா வேணும்னு ஸ்டைலா சிலது வாங்கினாங்க, ரொம்ப நவீனமா இருந்ததால உப்பு டப்பான்னே யாருக்கும் புரியாதுன்னு ஒதுக்கிட்டாங்க, அப்புறம் அதுதான் டாக்டர் கையில மருத்துவக் கருவி ஆச்சு. ஆனா எங்க செலவு பண்ணணுமோ அங்க பண்ணணும். ஸ்டார்கேட் எஸ்ஜி 1 சீரியல்ல வேற கிரகத்துக்குப் போற அந்த வட்டக் கதவு சுமார் 22 அடி விட்டம், உள்வளையம் நிஜமா பல்சக்கரத்துல சுத்தும். சீரியலோட பேரே அதுதான், அதுல மிச்சம் பிடிச்சா வேற எதுல செலவு பண்றது?

தானா திறக்கற கதவு?

ரெண்டு பேர் மறைஞ்சு நின்னு கயிறை இழுப்பாங்க. பழைய ஸ்டார் ட்ரெக்ல அப்படித்தான், அந்த சத்தம் அப்புறம் சேர்த்தது. இழுக்கறவர் லேட் ஆனா நடிகர் மூக்கு போச்சு.

செவுரு நாலும் இருந்தா கேமரா எங்க நிக்கும்?

கழட்டி நகர்த்தற மாதிரி கட்டுவாங்க, வைல்ட் வால்னு பேரு. எண்டர்ப்ரைஸ் கன்ட்ரோல் ரூம் வட்டம், அதைக் கேக் துண்டு மாதிரி பிரிச்சுக் கட்டினாங்க, எந்தத் துண்டை எடுத்தாலும் அந்த வழியா கேமரா உள்ள வரும். ஃபயர்ஃப்ளை 2002ல வேற வழி எடுத்துச்சு, ஒரு தளம் முழுக்க ஒரே தொடர்ச்சியா கட்டினதால ஒரு அறையில இருந்து அடுத்த அறைக்குக் கட் இல்லாம நடக்க முடிஞ்சுது, பார்க்கற நமக்கும் அந்தக் கப்பலோட வழி மனசுல பதிஞ்சுடுச்சு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், லைட் போடறவங்களுக்குக் கஷ்டம்னாலும்.

லைட்டைப் பத்தி ஒண்ணு, மேல கூரை இருந்தா மேல இருந்து லைட் தொங்க விட முடியாது, அதனால செட்டுக்குள்ளயே லைட்டைப் புதைக்கணும், படிக்கட்டு ஓரம், பேனல் இடுக்கு, மேஜைக்கு அடியில. டிராயிங் போடற அன்னைக்கே கேமராமேனைக் கூப்பிட்டு உட்கார வெச்சுடுங்க, செவுரு எழும்பினப்புறம் ஓட்டை போடற அசிங்கம் வேண்டாம். கலரையும் கேமரால டெஸ்ட் எடுக்காம முடிவு பண்ணாதீங்க. பழைய ஸ்டார் ட்ரெக்ல கேப்டன் கிர்க் போட்டிருந்த தங்க நிறச் சட்டை நேர்ல பச்சை கலந்த துணி, லைட்லயும் ஃபிலிம்லயும் அது தங்கமா மாறிடுச்சு.

எல்இடி செவுரு வந்தாச்சே, இனி செட் எதுக்கு?

இதைத்தான் இப்போ அதிகம் கேட்கறாங்க. 2019ல வந்த ஸ்டார் வார்ஸ் சீரியலான தி மேண்டலோரியன் எடுத்தப்போ சுமார் 20 அடி உயரம், 75 அடி விட்டத்துல வளைஞ்ச எல்இடி செவுரு, மேல கூரையும் எல்இடி. அதுல ஓடற காட்சி கேம் எஞ்சின்ல, அதாவது வீடியோ கேம் செய்யற சாஃப்ட்வேர்ல உருவானது, கேமரா நகர்ந்தா அதுக்கேத்த மாதிரி பின்னணியும் நகரும். ஹீரோ போட்டிருக்கறது பளபளன்னு உலோகக் கவசம், பின்னணியை அப்புறம் கம்ப்யூட்டர்ல சேர்க்கறதுக்காக வெக்கற பச்சைத் திரை முன்னாடி நிறுத்தினா உடம்பெல்லாம் பச்சை அடிக்கும், இங்க அந்தப் பாலைவன வானமே கவசத்துல பிரதிபலிக்கும். அதுக்கு இது அருமையான பதில்.

ஆனா ஆள் நிக்கற மண்ணு, சாயற சுவர், உட்கார்ற பெஞ்ச் எல்லாம் அப்பவும் கட்டணும், நிஜ மண்ணும் திரையில இருக்கற மண்ணும் சேர்ற கோடு தெரியாம கலர் ஒத்துப்போகணும், அது ரொம்ப நுணுக்கமான வேலை. அதுவும் ஷூட்டிங் முடிஞ்சு செய்ய வேண்டிய டிஜிட்டல் உலகத்தை ஷூட்டிங் தொடங்கறதுக்கு முன்னாடியே முடிச்சுக் கொடுக்கணும், அப்புறம் மாத்திக்கலாம்ங்கறது நடக்காது. அதே ஸ்டார் வார்ஸ் உலகத்துல 2022ல வந்த ஆண்டோர் இதுக்கு நேர் எதிர், லூக் ஹல் டிசைன்ல ஃபெரிக்ஸ்ங்கற ஊரையே இங்கிலாந்துல திறந்தவெளியில கட்டினாங்க, தெரு, கடை, மணிக்கூண்டு எல்லாம். முதல் சீசனோட கடைசி எபிசோட்ல அந்தத் தெருவுல ஊர்வலம் வரும்போது, எந்த முக்கு எங்க திரும்பும்னு நமக்கே தெரியுது. தூரத்தைத் திரை காட்டலாம், ஆனா ஒரு ஊருக்குள்ள மூலை முடுக்கா நடக்கணும்னா கட்டத்தான் வேணும்னு நான் நம்பறேன்.

வேற்று உயிருங்களோட உலகத்தை எப்படி யோசிக்கறது?

உடம்புல இருந்து. டாக்டர் ஹூங்கற பிபிசி சீரியல்ல 1963ல டாலெக்ங்கற எதிரி உயிரை டிசைன் பண்ணின ரேமண்ட் குசிக், உள்ள ஒரு ஆள் உட்கார்ந்து காலால நகர்த்தணும்ங்கற தேவையில இருந்துதான் அந்த உருவத்தை வரைஞ்சார், வெளிய பார்த்தா கால் இல்லாம வழுக்கிட்டுப் போகும், மனுஷன் உள்ள இருக்கான்னே தோணாது. கால் இல்லாத உயிர்னா அது வாழற ஊர்ல படிக்கட்டு இருக்காது, விரல் இல்லன்னா கதவுல பிடி இருக்காது, இப்படி ஒண்ணுல இருந்து ஒண்ணு பிடிச்சுக்கிட்டே போகணும். குசிக் பிபிசியில சம்பளத்துக்கு இருந்தவர்ங்கறதால அந்த டிசைனுக்கு ராயல்டி வரல, உலகம் பூரா பொம்மை வித்துச்சு, எனக்கு அது இன்னும் ஆறல.

இந்த வேலைக்கு வரணும்னா என்ன கத்துக்கணும்?

பென்சில்ல பர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் தெரியற மாதிரி வரையறது, அளவு போட்ட ப்ளான், அட்டையில மாடல். அப்புறம் ஸ்கெட்ச்அப், ப்ளெண்டர் மாதிரி ஏதாவது ஒரு 3டி சாஃப்ட்வேர். போர்ட்ஃபோலியோவுல பிரம்மாண்டமான நகரம் பத்து வெக்கறதுக்குப் பதிலா ஒரே ஒரு சின்ன அறை வைங்க, அதோட ப்ளான், அதே அறையோட நாலு கேமரா ஆங்கிள், அங்க இருக்கற ஒரு சாமானை எப்படிச் செய்வீங்கன்னு ஒரு படம். வைட் ஆங்கிள்ல வரைஞ்ச அழகான படம் எல்லாம் ஷூட்டிங் ஸ்டேஜோட உயரத்துக்குள்ள அடங்காது, அடங்கற மாதிரி யோசிக்கத் தெரிஞ்சவங்களைத்தான் வேலைக்குக் கூப்பிடுவாங்க. ஒரு தடவையாவது ஆசாரி கூட நின்னு ஒரு செவுரு கட்டிப் பாருங்க, அதுக்கப்புறம் உங்க டிராயிங்கே வேற மாதிரி இருக்கும்.

சீரியல் முடிஞ்சதும் செட் என்ன ஆகும்?

பெரும்பாலும் உடைச்சுடுவாங்க. ஸ்டேஜ் வாடகை ஓடிக்கிட்டே இருக்கும்ல, மாசக்கணக்காக் கட்டினது சில நாள்ல காலியாயிடும். கொஞ்சம் பேனல் குடோனுக்குப் போய் வேற சீரியல்ல வேற கலர்ல வரும், கொஞ்சம் ஏலத்துக்குப் போகும். கொஞ்சம்தான் பிழைக்கும். ஷூட்டிங்குக்காகச் செஞ்ச எண்டர்ப்ரைஸோட 11 அடி மாடல் பிழைச்சுது, 1974ல ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குப் போச்சு. அதுல ஒரு பக்கம் மட்டும்தான் முழுசா முடிச்சிருப்பாங்க, இன்னொரு பக்கம் லைட்டுக்கு வயர் உள்ள போற வழி, கேமரா அந்தப் பக்கம் போகவே போகாது. நடுவுல பல தடவை பெயின்ட் அடிச்சு அதோட நிறமே மாறிப்போயிருந்துச்சு, 2016ல முடிஞ்ச ரிப்பேர்ல அதை எல்லாம் எடுத்துட்டு, 60களில் டிவியில தெரிஞ்ச மாதிரியே திரும்பக் கொண்டு வந்தாங்க. தட்டு மாதிரி இருக்கற மேல்பாகத்துல மட்டும் பழைய பெயின்ட் அப்படியே இருந்துச்சு, அதுல யாரோ ஸ்கேல் வெச்சு இழுத்த பென்சில் கோடும் இருந்துச்சு, அதை மட்டும் தொடாம விட்டுட்டாங்க.